பூவை அளந்த பிறகு லென்ஸை வாங்குங்கள்: வாசகர் கேள்வி பதில்

பூக்களை நெருங்கிப் படமெடுப்பது குறித்துத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இவ்விதழில் பதில் தரப்படுகிறது. ஒரே செய்தியைக் கேட்ட கடிதங்கள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

என்னிடம் ஏபிஎஸ்-சி அளவுச் சென்சார் (ஒளியைப் பதிவு செய்யும் தகடு) கொண்ட கேமராவும் அதனுடன் வந்த 18-55 மி.மீ. லென்ஸும் உள்ளன. மிக நெருங்கி எடுப்பதற்கென்றே உள்ள 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் இல்லாமல் பூக்களை எடுக்கவே முடியாது என்று ஸ்டூடியோ வைத்திருக்கும் மாமா சொல்கிறார். உண்மையா?
— கல்லூரி மாணவி, பாலக்கோடு

உங்கள் மாமா சொல்வது சில பூக்களுக்குப் பொருந்தும். பெரும்பாலான பூக்களுக்குப் பொருந்தாது. கடைக்குப் போவதற்கு முன், ஒரு பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்துக்கொண்டு நீங்கள் எடுக்க விரும்பும் பூவின் குறுக்களவை அளந்து பாருங்கள். உங்கள் கேமராவின் சென்சார் ஏறத்தாழ 23 மி.மீ. அகலமும் 15 மி.மீ. உயரமும் கொண்டது. பூவின் உருவம் சென்சாரின் மீது அதன் உண்மையான அளவிலேயே விழுந்தால் அதை 1:1 உருப்பெருக்கம் என்றும், பாதி அளவில் விழுந்தால் 1:2 என்றும் குறிப்பிடுகிறோம். அவ்வாறெனில் 75 மி.மீ. குறுக்களவுள்ள ஒரு ரோஜாவை 15 மி.மீ. உயரத்துக்குள் நிறைவாக அடக்குவதற்கு 1:5 போதும், 45 மி.மீ. அகலமுள்ள சாமந்திக்கு 1:3 போதும். இப்போது விற்பனையாகும் 18-55 லென்ஸ்களில் பெரும்பாலானவை, 55 மி.மீ. முனையில் வைத்து மிகக் கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும்போது, ஏறத்தாழ இந்த 1:3 அளவைத் தந்துவிடுகின்றன. ஆகவே பாலக்கோட்டைச் சுற்றிலும் நீங்கள் காணும் சாமந்தி, செண்டுமல்லி, ரோஜா, செம்பருத்தி, ஆவாரை ஆகிய எல்லாவற்றையும் முழுப் பூவாக எடுப்பதற்கு உங்கள் கையில் இருப்பதே போதுமானது.

தும்பைப் பூவும் விஷ்ணுகிராந்தியும் வேறு வகை. இரண்டும் ஏறத்தாழ 1 செ.மீ. அளவே உடையவை, அவற்றைப் படம் நிறைய எடுக்க வேண்டுமானால் 1:1 உருப்பெருக்கம் தேவைப்படும். பெரிய பூவின் மகரந்தத் தாளை மட்டும் தனியே எடுக்க விரும்பினாலும் அப்படித்தான். மேக்ரோ லென்ஸ் தன் விலைக்கு ஈடான வேலையைச் செய்வது இங்கேதான். வாங்குவதாக இருந்தால் 90 முதல் 105 மி.மீ. வரையுள்ளதை வாங்குங்கள். 1:1 அளவில் எடுக்கும்போது 60 மி.மீ. லென்ஸின் முன்விளிம்புக்கும் பூவுக்கும் நடுவே 10 செ.மீ. இடைவெளிகூட இருக்காது, லென்ஸின் நிழலே பூவின் மீது விழும், அதில் அமர்ந்திருக்கும் தேனீயும் பறந்துவிடும். 100 மி.மீ. லென்ஸில் அந்த இடைவெளி 13 செ.மீ. அளவுக்குக் கூடுகிறது. டேம்ரான் 90 மி.மீ. போன்ற பழைய மாடல்கள் செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன. அவற்றின் ஆட்டோ ஃபோகஸ் மெதுவானது என்றாலும், இந்த வேலைக்குக் கையால் ஃபோகஸ் செய்வதே நல்லது என்பதால் அதை ஒரு குறையாகக் கருத வேண்டியதில்லை. எதை வாங்கினாலும், கால்களை நன்றாக விரித்துத் தரையை ஒட்டி நிறுத்தக்கூடிய ட்ரைபாட் ஒன்றை அதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். தும்பை உங்கள் இடுப்பு உயரத்துக்கு வந்து பூப்பதில்லை.

எக்ஸ்டென்ஷன் டியூப், குளோஸ்-அப் ஃபில்டர், ரிவர்ஸ் ரிங் ஆகிய மூன்றில் எதை வாங்கலாம்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தருமபுரி

உங்களிடம் ஏற்கெனவே எந்த லென்ஸ் இருக்கிறது என்பதைப் பொறுத்தே விடை அமையும்; அதை எளிய கணக்கால் கண்டுகொள்ளலாம். எக்ஸ்டென்ஷன் டியூப் என்பது கண்ணாடி ஏதுமற்ற வெற்றுக் குழாய். லென்ஸைச் சென்சாரிலிருந்து தள்ளி நிறுத்துவது மட்டுமே அதன் வேலை. குழாயின் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் (50 மி.மீ., 200 மி.மீ. என்று லென்ஸின் பெயரில் வரும் எண்) வகுத்தால், கூடுதலாகக் கிடைக்கும் உருப்பெருக்கம் தெரிந்துவிடும். 50 மி.மீ. லென்ஸுடன் 25 மி.மீ. குழாயைச் சேர்த்தால் 0.5 கூடும், அதே குழாயை 200 மி.மீ. லென்ஸுடன் சேர்த்தால் 0.125 மட்டுமே கூடும். 18 மி.மீ. போன்ற அகலக்கோண லென்ஸுடன் சேர்த்தாலோ, ஃபோகஸ் ஆகும் இடம் லென்ஸின் கண்ணாடிக்கு உள்ளேயே போய்விடுவதால் எதையுமே எடுக்க இயலாது. எனவே குழாய் 50 மி.மீ. போன்ற குட்டை லென்ஸ்களுக்கு உரியது. வாங்கும்போது உட்புறத்தில் மின்தொடர்பு முனைகள் உள்ளதையே கேட்டு வாங்க வேண்டும். அவை இல்லாத மலிவான குழாயை மாட்டினால், இக்கால லென்ஸ்களில் பெரும்பாலானவற்றின் அபெர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையின் அளவை, கேமராவால் மாற்ற முடியாது.

குளோஸ்-அப் ஃபில்டர் இதற்கு நேர்மாறானது. படிப்பதற்குப் போடும் கண்ணாடியைப் போலவே இதற்கும் +1, +2, +4 என்று பவர் உண்டு. 1000 மி.மீ.யைப் பவரால் வகுத்தால் ஃபில்டரின் குவியத் தூரம் கிடைக்கும். லென்ஸின் குவியத் தூரத்தை அதனால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். இந்தக் கணக்கு லென்ஸைத் தொலைதூரத்துக்கு ஃபோகஸ் செய்து வைத்த நிலைக்கு உரியது. 55 மி.மீ. லென்ஸில் +2 ஃபில்டரைப் போட்டால் 0.11 மட்டுமே வரும், 200 மி.மீ. லென்ஸில் போட்டால் 0.4 வரும், பூவும் அரை மீட்டர் தள்ளியே இருக்கும். வெளிச்சமும் குறையாது. ஒற்றைக் கண்ணாடியால் ஆன மலிவான ஃபில்டர்களில் படத்தின் ஓரங்கள் மங்கி, விளிம்புகளில் நிறக்கோடுகள் தெரியும். இரண்டு கண்ணாடிகளை ஒட்டிச் செய்த அக்ரோமேட்டிக் வகையில் இக்குறை மிகவும் குறைவு.

ரிவர்ஸ் ரிங் லென்ஸைத் தலைகீழாக மாட்ட உதவுகிறது. 50 மி.மீ. லென்ஸைத் திருப்பி மாட்டினால் 1:1 அளவை நெருங்கலாம். அபெர்ச்சர் வளையம் உள்ள பழைய லென்ஸ் வீட்டில் இருந்தால் செலவு மிகக் குறைவு. ஆனால் லென்ஸின் பின்புறக் கண்ணாடி வெளியே திறந்திருக்கும் என்பதால், நம் பகுதியின் புழுதியில் அதைக் கொண்டுபோக நான் பரிந்துரைப்பதில்லை.

55-250 அல்லது 70-300 லென்ஸ் வைத்திருந்தால், அதன் முன்விளிம்பில் பொறித்திருக்கும் விட்டத்துக்கு ஏற்ற அக்ரோமேட்டிக் ஃபில்டரை வாங்குங்கள். 50 மி.மீ. லென்ஸ் மட்டுமே இருந்தால் குழாயை வாங்குங்கள்.

பசுமைக்குடிலில் தாஜ்மஹால் ரோஜா பயிரிடுகிறோம். வாங்குபவர்களுக்கு அனுப்ப மொபைலில் படமெடுத்தால் இதழ்களின் மடிப்பே தெரியாமல் ஒரே சிவப்புத் திட்டாக வருகிறது. கேமரா வாங்க வேண்டுமா?
— மலர் விவசாயி, பேரிகை

வேண்டியதில்லை. நல்ல கேமராவிலும் அடர்சிவப்பு ரோஜா இப்படித்தான் பாடுபடுத்தும். சென்சார் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களையும் தனித்தனியே பதிவு செய்கிறது. செந்நிறப் பூவிலிருந்து வரும் ஒளியில் பெரும்பகுதி சிவப்பாகவே இருப்பதால், படத்தின் மொத்த வெளிச்சம் சரியாகத் தோன்றும் நிலையிலேயே சிவப்புப் பதிவு மட்டும் நிரம்பி வழிந்துவிடுகிறது. நிரம்பிய இடத்தில் இதழுக்கு இதழ் வேறுபாடு இராது; அதைப் பின்னர் எந்தச் செயலியாலும் மீட்க இயலாது. ஆகவே மொபைல் திரையில் பூவைத் தொட்டு ஃபோகஸ் செய்தபின், அருகில் தோன்றும் சூரியக் குறியைக் கீழிறக்கி, மடிப்புகள் தெரியும் வரை படத்தை இருட்டாக்குங்கள். நிறத்தைக் கூட்டிக் காட்டும் முறைகள் எதுவும் இயங்கினால் அணைத்துவிடுங்கள். கேமரா வைத்திருப்பவர்கள் எக்ஸ்போஷரை (பதிவாகும் வெளிச்சத்தை) முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை குறைத்து (ஒரு ஸ்டாப் குறைப்பது வெளிச்சத்தைப் பாதியாக்குவது), மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடத்தில் சிவப்பு வரைபடம் வலது ஓரத்தில் முட்டாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சென்சார் பதிவு செய்ததை அப்படியே சேமிக்கும் ரா கோப்பாக எடுப்பது இன்னும் பாதுகாப்பானது.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, மற்றவர்கள் காசு கொடுத்து அமைப்பதை நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கிறீர்கள். பசுமைக்குடிலின் பால்நிறப் பாலித்தீன் விரிப்பு வெயிலைச் சிதறடித்து உள்ளே அனுப்புகிறது. நிழல்கள் மென்மையாகின்றன, காற்றும் தடைபடுகிறது. இருப்பினும் உச்சிவேளையில் எடுக்க வேண்டாம். காலை எட்டு மணியளவில், வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வருமாறு நின்றுகொண்டால் ஒவ்வோர் இதழும் அடுத்த இதழின் மீது சிறிது நிழலிட்டு மடிப்பு எழுந்து தெரியும். எதிர்ப்பக்கம் மிகவும் இருண்டால் வெள்ளைத் தெர்மாகோல் துண்டு ஒன்றைப் பிடிக்கச் சொல்லுங்கள். பச்சை நிழல்வலையின் கீழ் மட்டும் எடுக்காதீர்கள். அந்தப் பச்சைச் சாயல் சிவப்பைக் கருஞ்சிவப்பாக்கி, பழைய பூவைப் போலக் காட்டிவிடும். பிப்ரவரி மாத விற்பனைக்கு அனுப்பும் படத்தில் அது நட்டம்.

குளிர்காலத்தில் ஒன்றைக் கவனியுங்கள். வெளியே குளிர்ந்திருந்த கேமராவைக் குடிலின் ஈரப்பதமான வெப்பத்துக்குள் கொண்டுவந்தவுடன் லென்ஸில் நீராவி படியும். அதைத் துடைத்துக்கொண்டே இருப்பதைவிட, பையைத் திறக்காமல் கால் மணி நேரம் உள்ளே வைத்துவிட்டு எடுப்பது மேல்.

மேக்ரோ லென்ஸில் ஓர் இதழ் தெளிவாக இருந்தால் மறு இதழ் மங்குகிறது. அபெர்ச்சரை எஃப் 22 என்று மிகச் சுருக்கி வைத்தால் எல்லாமே மங்கலாகிவிடுகிறது. லென்ஸில் குறையா?
— வாசகர், ராயக்கோட்டை

லென்ஸில் குறையில்லை. நெருங்க நெருங்கத் தெளிவின் ஆழம் நாம் நினைப்பதைவிட விரைவாகச் சுருங்குகிறது. ஏபிஎஸ்-சி கேமராவில் எஃப் 8 வைத்து 1:4 அளவில் எடுத்தால், முன்னும் பின்னுமாகச் சேர்த்து ஏறத்தாழ 6.4 மி.மீ. தெளிவாக இருக்கும், அதே எஃப் 8இல் 1:1 அளவுக்குப் போனால் அது 0.64 மி.மீ. ஆகிவிடும். உருப்பெருக்கம் நான்கு மடங்கு கூட, ஆழம் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. தேவைக்கு மேல் நெருங்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இந்தக் கணக்கே காரணம்.

அபெர்ச்சரைச் சுருக்கினால் ஆழம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் நெருக்கத்தில் லென்ஸின் செயல்படு அபெர்ச்சர் நாம் வைத்த எண்ணாக இருப்பதில்லை. அந்த எண்ணை, உருப்பெருக்கத்துடன் ஒன்றைக் கூட்டி வரும் தொகையால் பெருக்க வேண்டும். 1:1இல் எஃப் 22 என்பது எஃப் 44க்குச் சமம். அவ்வளவு சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுவதும் மழுங்குகிறது. நீங்கள் கண்டது அதைத்தான். நிக்கான் கேமராவில் அந்நிறுவனத்தின் மேக்ரோ லென்ஸைப் போட்டு நெருங்கும்போது எஃப் 2.8 என்ற எண் தானாகவே எஃப் 5 அளவுக்கு மாறுவதைக் கண்டு பழுது என்று எண்ணுவோர் உண்டு. அந்தக் கேமரா செயல்படு அளவைக் காட்டுகிறது, அவ்வளவே.

எஃப் 8 முதல் எஃப் 11 வரையில் நின்றுகொண்டு, கேமரா நிற்கும் கோணத்தை மாற்றிப் பாருங்கள். தெளிவாக விழும் பகுதி சென்சாருக்கு இணையான மெல்லிய தளம் ஒன்றுதான். எனவே சாமந்தியின் முகத்துக்கு நேராகக் கேமராவை நிறுத்தினால் இதழ்கள் பெரும்பாலும் அத்தளத்துக்குள் வந்துவிடும். சாய்வாக நின்றால் ஒரு கீற்று மட்டுமே கிடைக்கும். இரண்டு அங்குலம் நகர்ந்து நிற்பதால் கிடைக்கும் பயன் இரண்டு ஸ்டாப் சுருக்குவதால் கிடைப்பதில்லை. பூ குழிவானதாக இருந்தால் மகரந்தத் தாளின் நுனியில் ஃபோகஸ் வையுங்கள். பார்ப்பவர் கண் முதலில் அங்கேதான் போகிறது. லைவ் வியூ திரையில் அவ்விடத்தைப் பெரிதாக்கி, கையால் ஃபோகஸ் செய்து, இரண்டு வினாடி டைமரில் எடுங்கள்.

முழுப் பூவும் தெளிவாக வேண்டுமானால் ஃபோகஸ் ஸ்டாக்கிங் உண்டு. ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஃபோட்டோஷாப், ஹெலிகான் ஃபோகஸ் போன்ற மென்பொருளால் ஒன்றாக்க வேண்டும். படங்களுக்கு நடுவே பூ அசையக் கூடாது. ஆகவே இது பெரும்பாலும் அறைக்குள்ளோ பசுமைக்குடிலிலோதான் கைகூடும். மருத்துவத் தாவரங்களின் ஆவணப் படங்களுக்கு இது மிகவும் பயனுள்ளது. அழகுக்காக எடுக்கும் படத்தில் எல்லா இதழும் ஒன்றுபோல் கூர்மையாக இருப்பதை நான் அவ்வளவாக விரும்புவதில்லை.

காற்றில் பூ ஆடிக்கொண்டே இருக்கிறது. என்ன செய்வது?
— வாசகர்கள் பலர், கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம்

ஆடி மாதத்தில் திறந்தவெளியில் 1:1 அளவில் எடுக்க முயல்வதை முதலில் கைவிடுங்கள். மற்ற மாதங்களில், சூரியன் எழுந்த பின் ஒரு மணி நேரம் காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும். செடிக்குப் பக்கத்தில் ஒரு குச்சியை ஊன்றி, அதில் கட்டிய கம்பியின் முனையில் துணி கிளிப்பைப் பொருத்தி, படத்தில் விழாதவாறு காம்பின் கீழ்ப்பகுதியைப் பிடித்துவிட்டால் ஆட்டம் பாதியாகும். கிளிப்பின் பல்லில் சிறிது பஞ்சைச் சுற்றுவது காம்பு நசுங்காமல் காக்கும். காற்று வரும் பக்கத்தில் திறந்த குடையையோ அட்டையையோ நிறுத்தலாம்.

அதன் பிறகும் ஷட்டர் வேகம் நொடியில் 250இல் ஒரு பங்கைவிட மெதுவாக இருக்க வேண்டாம். அதற்காக ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறனைக் குறிக்கும் எண்ணை) 800, 1600 என்று உயர்த்தத் தயங்காதீர்கள். சிறிது புள்ளி தெரியும் படத்தைச் சீர்செய்யலாம், அசைந்த படத்தைச் சீர்செய்ய முடியாது. இன்னொரு வழி ஃபிளாஷ். பவரைக் குறைத்து வைக்கும்போது ஃபிளாஷின் ஒளி சில ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடியே நீடிப்பதால், ஆட்டம் உறைந்துவிடுகிறது. ஆனால் கேமராவின் மேலிருந்து நேராக அடிக்கும் ஃபிளாஷ் இதழ்களைத் தட்டையாக்கும். பட்டர் பேப்பரை ஒரு கம்பிச் சட்டத்தில் ஒட்டி, பூவுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் பிடித்து, அதன் வழியே ஒளியைச் செலுத்துங்கள். ஒளிரும் பரப்பு பூவைவிடப் பெரிதாக இருந்தால்தான் நிழல் மென்மையாகும்.

குண்டுமல்லித் தோட்டத்துக்குக் காலையில் போனால் மொட்டுகூட மிச்சமில்லை. விரிந்த பூவை எப்போது எடுப்பது?
— இல்லத்தரசி, காரிமங்கலம்

மல்லியை விரிவதற்கு முன், விடியற்காலையிலேயே மொட்டாகப் பறித்துவிடுகிறார்கள். பறிக்காமல் விட்ட மொட்டு அன்று அந்தி சாயும் வேளையில் விரியத் தொடங்கும். தோட்டக்காரரிடம் சொல்லி ஒரு கிளையை மட்டும் பறிக்காமல் விடச் செய்து, மாலையில் போங்கள். வெளிச்சம் குறைவாக இருக்கும் என்பதால் ட்ரைபாட் வேண்டும். இன்னொன்று: வெள்ளைப் பூ படம் முழுவதும் நிறைந்திருந்தால் கேமரா அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும், அப்போது எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் வரை கூட்ட வேண்டும். கரும்பச்சை இலைகளுக்கு நடுவே சிறியதாக ஒரு பூ மட்டும் இருந்தால் நிலைமை தலைகீழ். அப்போது குறைக்க வேண்டும்.

மொபைலின் மேக்ரோ முறை நல்லதா?
— மாணவர், அரூர்

தும்பை அளவுப் பூக்களுக்கு நல்லது. பெரிய பூக்களுக்கு வேண்டாம். பல மொபைல்களில் அது அகலக்கோண லென்ஸைப் பயன்படுத்துவதால் சில செ.மீ. தூரத்துக்குள் நெருங்க வேண்டியிருக்கிறது, பூவின் வடிவம் திரிகிறது, பின்னணியில் வேலியும் மின்கம்பமும் சேர்ந்து விழுகின்றன. சற்றுத் தள்ளி நின்று 2 அல்லது 3 மடங்கு ஜூமில் எடுங்கள்.

செங்காந்தளை எடுக்க மேலகிரிக் காட்டுக்குள் போக விரும்புகிறேன். என்ன லென்ஸ் கொண்டுபோகலாம்?
— வங்கி ஊழியர், தேன்கனிக்கோட்டை

லென்ஸுக்கு முன் அனுமதியைப் பாருங்கள். அப்பகுதியில் பெரும்பரப்பு காப்புக்காடு. காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014இலும், காவிரி தெற்குச் சரணாலயம் 2022இலும் அறிவிக்கப்பட்டுள்ளன. வனத்துறையின் ஒப்புதலின்றி உள்ளே செல்லக் கூடாது. யானைகள் நடமாடும் காட்டில், தரையோடு குனிந்து கேமராவுக்குள் கண்ணைப் புதைத்திருப்பவருக்கு வேறெதுவும் தெரியாது. மழைக்காலத்தில் இந்தப் பூ சாலையோர வேலிகளிலும் புதர்களிலும் பூக்கிறது. அதுவே போதும்.

செங்காந்தளுக்கு மேக்ரோ லென்ஸ் தேவையில்லை. மேல்நோக்கி வளைந்த இதழ்களும், பக்கவாட்டில் விரிந்து நிற்கும் மகரந்தத் தாள்களும் சேர்ந்த முழு உருவமே அதன் அழகு, 200 மி.மீ. லென்ஸால் 1:5 அளவில், பூவின் உயரத்துக்கே கேமராவை இறக்கிப் பக்கவாட்டிலிருந்து எடுங்கள். மஞ்சளும் பச்சையுமாக விரியும் பூ நாளாக ஆகச் சிவக்கும் என்பதால், ஒரே கொடியில் எல்லா நிலைகளும் கிடைக்கும். பூவைப் பறிக்க வேண்டாம். செடி முழுவதும், குறிப்பாகக் கிழங்கு, கோல்ச்சிசின் என்ற நஞ்சைக் கொண்டது; தொட நேர்ந்தால் கையைக் கழுவிய பிறகே சாப்பிடுங்கள்.

எங்கள் ஊரில் பூந்தோட்டமே இல்லை, புளியமரங்கள்தாம் உள்ளன. எதை எடுப்பது?
— வாசகி, பாப்பிரெட்டிப்பட்டி

புளியம்பூவையே எடுங்கள். கோடையின் முடிவில் சாலையோரம் எங்கும் பூத்துக் கிடக்கும் அதை நின்று பார்ப்பவர் குறைவு. வெளிர்மஞ்சள் இதழ்களில் செந்நிற நரம்புகள் ஓடும். விரியாத மொட்டுகள் இளஞ்சிவப்பாக இருக்கும். குறுக்களவு ஏறத்தாழ 25 மி.மீ. என்பதால் ஏபிஎஸ்-சி கேமராவுக்கு 1:2 அளவு சரியாக வரும், 50 மி.மீ. லென்ஸை மிகக் கிட்டத்தில் ஃபோகஸ் செய்து, 20 மி.மீ. குழாயையும் சேர்த்தால் அது கிடைத்துவிடும். பூக்கள் கொத்தாகத் தொங்குவதால், தாழ்ந்த கிளையாகப் பார்த்து, கொத்தின் பக்கவாட்டில் கேமராவை நிறுத்துங்கள். வானம் பின்னணியானால் பூ கறுத்துவிடும். இரண்டு மூன்று அடி பின்னால் நிழலில் இருக்கும் இலைக்கூட்டம் பின்னணியாக அமையுமாறு இடம் மாறிக்கொள்ளுங்கள். இலைகளின் பளபளப்பு மிகுந்தால் போலரைஸர் ஃபில்டரைத் திருப்பி அதைக் குறைக்கலாம். ஒன்றரை ஸ்டாப் அளவு வெளிச்சம் குறையும் என்பதால் ஐஎஸ்ஓவை அதற்கேற்ப உயர்த்திக்கொள்ளுங்கள்.